28.8 கிராம்

மார்ச் 5, 2025, சாம்பல் புதன்
இந்த லெந்து தவக்காலம் முடிவதற்குள் அக்காவிடம் போகவேண்டும். போன வருடமும் இதையேதான் எழுதியிருக்கிறேன்.

மார்ச் 9, ஞாயிறு
காணிக்கைப் பை வரிசையில் வந்தது. நூறு ரூபாய்த் தாள் உள்ளங்கை வியர்வையில் நனைந்திருந்தது. போடாமல் பையை அடுத்தவருக்கு நகர்த்திவிட்டேன். "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று" நினைவு வந்தால் காணிக்கையை வைத்துவிட்டுப் போ என்கிறது மத்தேயு 5. இத்தனை நாளும் எனக்கு யார்மேல் குறை என்றல்லவா தேடிக்கொண்டிருந்தேன்! அக்காவுக்கோ நடந்தது தெரியவே தெரியாது. தெரியாதவளுக்குக் குறை ஏது என்று மனம் வழக்காடுகிறது.

மார்ச் 14
அக்கா அடகு வைக்கக் கொடுத்த சங்கிலி மூழ்கிப்போயிற்று என்றேன். அந்த ஒரு வார்த்தை.

மார்ச் 18, இரவு
லேவியராகமம் 6. நம்பி ஒப்படைத்த பொருளைப் பற்றிப் பொய் சொன்னவன், முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டி உரியவனிடம் கொடுக்கவேண்டும். குற்றநிவாரண பலிக்கான ஆட்டுக்கடா அதற்கு அப்புறந்தான். மூன்று சவரன், 24 கிராம். ஐந்தில் ஒன்று 4.8. ஆக 28.8. ஆயக்காரன் சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் தருகிறேன் என்றான். அவனிடம் யாரும் கணக்குக் கேட்கவில்லை. அந்த மனம் எனக்கு வரவில்லையே ஆண்டவரே.

மார்ச் 27
பஸ் நிலையம் வரை போய்த் திரும்பினேன்.

ஏப்ரல் 3
தான் ஏமாற்றிய அண்ணன் ஏசாவைச் சந்திக்க யாக்கோபும் பயந்தான். 220 வெள்ளாடு, 220 செம்மறியாடு, ஒட்டகம், மாடு, கழுதை என்று மந்தை மந்தையாக முன்னே அனுப்பினான். நானும் சங்கிலியை யாரிடமாவது கொடுத்தனுப்பலாமா என்று பார்த்தேன். கூடாது. ஆட்டுக்குப் பின்னால் அவனும் நொண்டிக்கொண்டே போனான்.
ஒப்புரவு என்ற சொல்லையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். குறளில் அது ஊருக்கு உதவுவது. வேதத்தில் பகை தீர்ந்து சேருவது. எவ்வளவு நல்ல சொல்.

ஏப்ரல் 11
சொல்லிவிட்டேன்.
முறத்தில் உளுந்தைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அடகை மீட்டது நான், விற்றதும் நான், எதுவும் மூழ்கவில்லை என்று சொல்லி முடிக்கும்வரை அவள் விரல் நிற்கவில்லை. ஒரு கல்லை எடுத்து ஜன்னலுக்கு வெளியே போட்டாள். "மூழ்கினதை உன் அத்தான் கடைசிவரை நம்பவில்லை. நான் உனக்கே கொடுத்துவிட்டு மறைப்பதாகச் சொன்னார். சாகிறவரைக்கும் சொன்னார்."
பெட்டியை மேசையில் வைத்தேன். தொடவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போ என்றாள்.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு
எண்ணாகமம் 5. ஈட்டை வாங்க இனத்தான் இல்லாவிட்டால் அது ஆசாரியனைச் சேரும். உரியவன் இல்லாத கடனுக்கும் வழி வைத்திருக்கிறது வேதம். ஆனால் அது பொருளுக்கு. அத்தான் அவளைச் சந்தேகப்பட்ட வருடங்களுக்கு ஐந்தில் ஒரு பங்கு எவ்வளவு?
ஆராதனை முடிந்ததும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். அவர் பெயரில் ஓர் எழுத்து உதிர்ந்திருந்தது. வாய்விட்டே சொன்னேன்: அவள் பொய் சொல்லவில்லை அத்தான்.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்
இன்று திருவிருந்து. கோவில் வாசலிலேயே நின்றுவிட்டு வந்தேன். பெட்டி இன்னும் அந்த மேசையில்தான் இருக்குமோ?

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி
மும்மணி ஆராதனைக்குக் கிளம்பும்போது அக்காவிடமிருந்து போன். எடுப்பதற்குள் நின்றுவிட்டது.