கேப் டவுன் குளிர்காலமும் ஒரு விளக்கு அலாரமும்

ஜூன் 3, செவ்வாய்

ஆறு மணிக்கு எழுந்தால் இருட்டு. ஆறரைக்கும் இருட்டு. ஏழு மணிக்கு மகனைப் பள்ளி வேனில் ஏற்றும்போதும் தெருவிளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. இந்த மாதத்தில் கேப் டவுனில் சூரியன் தலைகாட்ட ஏழே முக்கால் ஆகிவிடும். ஊரில் ஜூன் என்றால் குற்றாலச் சாரல். இங்கே நடுக் குளிர்காலம், கூடவே மழையும். பெரும்பாலான வீடுகளைப் போல எங்கள் வீட்டிலும் சூடேற்றும் வசதி கிடையாது. போர்வையை விட்டு வெளியே வர யாருக்குத்தான் மனசு வரும்?

மகனுக்குப் பதின்மூன்று வயது. போன் அலாரம் அடிக்கும், அணைப்பான், திரும்பிப் படுப்பான். அப்புறம் நான் சமையலறையிலிருந்து, "எந்திரில, மணி ஆச்சு" என்று தொண்டை கிழியக் கத்த வேண்டும். அவனை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அந்த வயதில் உடம்பின் கடிகாரமே பின்னுக்குத் தள்ளிப்போகும். தூக்கத்துக்கான மெலடோனின் ராத்திரி தாமதமாகத்தான் சுரக்கும். பள்ளி மணி அதற்காகக் காத்திருக்காது.

அலுவலகத்தில் ஒரு தோழி விளக்கு அலாரம் என்று ஒன்றைச் சொன்னாள். எழ வேண்டிய நேரத்துக்கு அரை மணி முன்னாலேயே எரிய ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பிரகாசமாகுமாம். ஆர்டர் போட்டுவிட்டேன். இவர் விலையைக் கேட்டார். நான் காதில் வாங்கவில்லை.

ஜூன் 5, வியாழன்

பார்சல் வந்தது. இட்லித் தட்டு அளவில் வட்டமாக, வெள்ளையாக ஒரு விளக்கு. ப்ளக்கைப் பார்த்தால் ஐரோப்பாவின் ஒல்லி ரெண்டு பின். எங்கள் சுவரில் இருப்பது மூன்று தடித்த உருண்டைப் பின் சொருகும் சாக்கெட். ஊரில் ஏசிக்கும் கெய்சருக்கும் மட்டும் வைப்போமே, அதே பதினைந்து ஆம்பியர் சமாச்சாரம். இங்கே போன் சார்ஜருக்கும் அதுதான். வந்த புதிதில், மோட்டாருக்குப் போடுவதை எதற்கு டேபிள் லைட்டுக்குப் போட்டிருக்கிறார்கள் என்று நான் கேட்டதை இவர் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். மேஜை டிராயரைக் குடைந்து ஒரு அடாப்டரை எடுத்துச் சொருகியாயிற்று.

விளக்கைத் தலையணை உயரத்தில், முகத்திலிருந்து ஒரு கை தூரத்தில் வைக்கச் சொல்கிறார்கள். எழும் நேரம் 6:00. வெளிச்சம் 5:30க்கு ஆரம்பம்.

ஜூன் 6, வெள்ளி

எப்படித்தான் எழுகிறான் பார்ப்போம் என்று 5:20க்கே எழுந்து, அவன் அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

5:30க்கு எதுவுமே தெரியவில்லை. விளக்கு கெட்டுப்போய் வந்துவிட்டதோ என்று குனிந்து பார்த்தால், உள்ளே மங்கலாக ஒரு கங்கு நிறம். 5:40க்கு அது ஆரஞ்சாகி, சுவரில் மாட்டியிருந்த பள்ளிச் சட்டையின் காலர் மட்டும் தெரிந்தது. 5:48 இருக்கும், சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவன் இந்தப் பக்கம் புரண்டான். புருவம் சுருங்கியது. ஒரு கை வெளியே வந்து கன்னத்தைச் சொறிந்துவிட்டு உள்ளே போனது. 5:55க்கு அறை முழுக்க மஞ்சள் வெளிச்சம், புத்தக அலமாரியில் தலைப்புகளை வாசிக்க முடிந்தது. அவன் கண்ணைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தான். ஆறுக்கு விளக்கிலிருந்து குருவிச் சத்தம் வரும்போது முழித்துத்தான் கிடந்தான்.

"ஏம்மா இங்க உக்காந்திருக்க? பயமா இருக்கு."

கத்தாமல் ஒரு காலை கழிந்தது. அவன் பல் தேய்க்கப் போன பிறகு நான் இரண்டாவது காபி குடித்தேன்.

ஜூன் 9, திங்கள்

சனி ஞாயிறு விளக்கை அணைத்துவிட்டுப் பத்து மணி வரை தூங்கினான். இன்று பழைய கதைதான்: விளக்கு எரிந்தது, குருவி கத்தியது, நானும் கத்தினேன்.

ஜூன் 11, புதன்

விளக்கோடு வந்த அட்டைப்பெட்டியில் போட்டிருப்பதையெல்லாம் நம்புகிற ஆள் நானில்லை. இரண்டு நாளாக உட்கார்ந்து படித்தேன்.

கண்ணில் பார்ப்பதற்கென்று இருக்கும் கோல் செல், கூம்பு செல் தவிர, வெளிச்சத்தை உணரும் மூன்றாவது வகை செல் ஒன்று இருக்கிறது. 2002 வாக்கில்தான் அது உறுதியானது. அதிலுள்ள மெலனாப்சின் என்ற நிறமி நீல ஒளிக்கு, 480 நானோமீட்டரை ஒட்டி, அதிகம் அசைந்து கொடுக்கும். எதிரே நிற்பது யார் என்று காட்டுவது அதன் முக்கிய வேலை இல்லை. வெளியே எவ்வளவு வெளிச்சம் என்று மூளைக்குச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அந்தச் செய்தி போய்ச் சேரும் இடம், கண் நரம்புகள் ஒன்றையொன்று குறுக்கே கடக்கும் இடத்துக்கு நேர் மேலே, ஏறக்குறைய 20,000 நரம்பு செல்கள் கொண்ட ஒரு சின்ன முடிச்சு. உடம்பின் தலைமைக் கடிகாரம் அதுதான். வெளிச்சம் வந்தது என்றால் அது மெலடோனினை நிறுத்தச் சொல்லும்.

சரி, தூங்குகிறவனுக்குக் கண் மூடித்தானே இருக்கிறது? மூடிய இமையைத் தாண்டி உள்ளே போவது பெரும்பாலும் சிவப்பு. நீலம் ரொம்பவே வடிகட்டப்பட்டுவிடும். ஆகவே தூக்கத்தை லேசாகக் கலைப்பதோடு சரி, கண்ணைத் திறந்த பிறகுதான் விளக்கின் முழு வேலையும் தொடங்கும் என்பது என் கணக்கு. அதுவும் இது 300 லக்ஸ் வெளிச்சம். மேகமூட்டமான பகலிலேயே வெளியே சில ஆயிரம் லக்ஸ் இருக்கும்; குளிர்கால மனச்சோர்வுக்கு மருத்துவர்கள் பரிந்துரைக்கும் விளக்கு 10,000 லக்ஸ். பெட்டியில் "நாள் முழுக்க உற்சாகம்" என்று போட்டிருப்பது வியாபாரப் பேச்சு. எழுந்ததும் ஒரு கால் மணி, அரை மணி இருக்குமே ஒரு மந்தம், பேஸ்ட் எது ஷாம்பு எது என்று தெரியாத நிலை, அது குறைவதாகச் சோதனைகளில் பங்கெடுத்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். என் மகன் விஷயத்தில் அது நிஜம். கேட்ட கேள்விக்குப் பதில் வருகிறது.

ஜூன் 13, வெள்ளி

"இது எந்த ஊர்க் குருவிம்மா?" என்றான். விளக்குக்குள் கத்துவது ஏதோ ஐரோப்பியப் பறவை.

இந்த ஊர்ப் பறவை வேண்டுமென்றால் ஹடிடா இருக்கிறதே! அரிவாள் மூக்கன் இனம். பழுப்பு உடம்பு, இறக்கையில் பச்சை மினுக்கம், புல்தரையைக் குத்திக் குத்திப் புழு தேடும். "ஹா... ஹா... ஹடிடா" என்று கூரை மேல் பறந்துபோனால் செத்தவன்கூட எழுந்து உட்காருவான். அந்தச் சத்தத்தை எந்தக் கம்பெனியும் அலாரத்தில் வைக்காது. கோடையில் விடியக்காலையில் நம்மை எழுப்பிவிட்டுப் போகும். ஜூனில் அதுவும் விடியட்டும் என்று கிடக்கிறது. நாங்கள்தான் அதற்கும் முன்னால் எழுந்து டிபன் பாக்ஸ் கட்டுகிறோம்.

ஜூன் 14, சனி

மசாலா வாங்க இங்கே போ-காப் என்ற பகுதிக்குப் போயிருந்தோம். பன்னிரண்டுக்குச் சிக்னல் ஹில் குன்றில் பீரங்கி வெடித்தது. ஞாயிறும் அரசு விடுமுறையும் தவிர மற்ற நாளெல்லாம் வெடிக்கும், அந்தக் காலத்தில் துறைமுகக் கப்பல்கள் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்ள வைத்தது. பீரங்கி மதியம் என்கிறது. சூரியனோ உச்சிக்கு வர இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது.

எங்கள் காலை இருட்டுக்குக் காரணமே இதுதான். 1903 முதல் தென்னாப்பிரிக்கா முழுமைக்கும் ஒரே நேரம். அது 30 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடுவது. டர்பன் அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கேப் டவுன் இருப்பது பதினெட்டரை டிகிரிக்குச் சற்று முன்னால். டிகிரிக்கு நாலு நிமிடம் என்றால் 46 நிமிடம் பின்தங்கல். கடிகாரத்தில் ஆறு மணி, சூரியக் கணக்கில் ஐந்தேகால்! சென்னையில் வருஷம் முழுக்கப் பார்த்தாலும் உதயம் ஒரு மணி நேரத்துக்குள்தான் முன்பின் நகரும். அந்த உடம்பை இங்கே கொண்டுவந்து போட்டால் திணறத்தான் செய்யும்.

ஜூன் 21, சனி

ஆண்டின் மிகக் குறுகிய பகல், பத்து மணி நேரத்துக்கும் கொஞ்சம் குறைவு. நாளையிலிருந்து சீக்கிரம் விடியும் என்று மகன் சந்தோஷப்பட்டான். இல்லை, மாலை நீள ஆரம்பித்தாயிற்று, காலை உதயம் மட்டும் மாதக் கடைசி வரை இன்னும் ஒரு நிமிடம் போல பின்னால்தான் போகும். முகம் வாடிவிட்டது.

ஜூன் 26, வியாழன்

ராத்திரி முழுக்கப் புயல் மழை. மூன்று மணி வாக்கில் கரண்ட் போய்விட்டது. ஐந்தரைக்கு விளக்கு எரியவில்லை, ஆறுக்குக் குருவியும் இல்லை. உள்ளே ஒரு சின்ன செல் இருப்பதால் மணி மட்டும் மறக்காமல் நினைவிருக்கிறது. வேனை விட்டுவிட்டோம்.

மின்வெட்டு உச்சத்தில் இருந்த 2023இல் ரவுட்டருக்கு என்று ஒரு குட்டி யுபிஎஸ் வாங்கினோம். எங்களைப் போலப் பலரும் வாங்கினார்கள். அதில் விளக்கைச் சொருகலாமே என்று இவர் உற்சாகமாகக் கிளம்பினார். விளக்கோடு வந்த பவர் அடாப்டரைத் திருப்பிப் பார்த்தால் விளக்குக்கு 24 வோல்ட் வேண்டும். யுபிஎஸ் கொடுப்பது 12.

ஜூலை 4, வெள்ளி, டர்பன்

பள்ளி விடுமுறை. கேப் டவுன் கோயிலில் பழக்கமான அக்கா இப்போது டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கிறார். அவர் வீட்டில் தங்கல். இரண்டு மணி நேர விமானம், கடிகாரத்தைத் தொட வேண்டியதில்லை. ஆனால் ஏழு மணிக்கு முன்னாலேயே ஜன்னலில் வெயில்! எங்கள் ஊரில் இன்றைக்கு ஏழு ஐம்பதுக்கு மேல். அந்த ஒரு மணி நேர வித்தியாசத்தில் ஐம்பது நிமிடம் தீர்க்கரேகை. மீதி, கேப் டவுன் இன்னும் தெற்கே இருப்பதால். மகன் அலாரம் எதுவும் இல்லாமல் தானாக எழுந்து வந்தான். நான் மூச்சு விடவில்லை.

விளக்கு அலாரத்தைப் பற்றிச் சொன்னதும் அக்காவுக்குச் சிரிப்பு. அவருடைய ஆயா, அதாவது பாட்டி, பிறந்தது கரும்புத் தோட்டத்தில். 1860இல் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் வந்ததில் தொடங்கி, கூலி ஒப்பந்தத்தில் வந்த குடும்பங்களில் ஒன்று. விடியுமுன் மணி அடிப்பார்களாம், அதற்கும் எழாவிட்டால் சர்தார் என்கிற கங்காணி கதவைத் தட்டுவாராம். "அப்போ லைட் எங்க கண்ணு? ஆயா இருட்டுலயே புளிச்ச கஞ்சிய குடிச்சிட்டுப் போவும்" என்றார்.

அக்காவின் கஷ்டம் வேறு. டிசம்பரில் டர்பனில் சூரியன் நாலே முக்காலுக்கு வந்துவிடும். வேலையை விட்டு ஓய்வு பெற்ற பிறகும் தூங்க விடுவதில்லை. தடித்த திரைச்சீலை எங்கே மலிவு என்றுதான் என்னிடம் விசாரித்தார்.

ஜூலை 23, புதன்

நேற்றுப் பள்ளி திறந்தது. விளக்கு பிரகாசமாகும் நேரத்தை 40 நிமிடமாக நீட்டி, வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்து அவனே அமைத்துக்கொண்டான். போனை ராத்திரி ஹாலில் வைக்கச் சொன்னேன். இதற்கு மட்டும் ஒரு வாரம் சண்டை. சனிக்கிழமை ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடுதலாகத் தூங்குவதில்லை என்று ஒப்பந்தம். பார்ப்போம்.

இத்தனையும் செய்துவிட்டு, நான் இன்னும் 5:20க்குத் தலையணைக்கடியில் போன் அதிர்ந்து, இருட்டில் செருப்பைத் துழாவித்தான் எழுகிறேன். மதியம் இரண்டாவது விளக்குக்கு ஆர்டர் போட்டேன், பேட்டரியிலும் எரியும் மாடலாகப் பார்த்து. விலை கூடத்தான். இவர் கேட்கட்டும், சொல்கிறேன்.