சிறுவர் ஒட்டுத்துணிப் போட்டி: ஊசி எடுப்பதற்கு முன்

சிறுவர்களுக்கு, துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைக்கும் ஒட்டுத்துணிப் போட்டி வைக்கலாம் என்றால், "பிள்ளைகளுக்குத் தைக்க வருமா?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு ஓடுதையல் சீக்கிரமே கைவந்துவிடும். வேலை கெடுவது அதற்கு முன்பே, துணியைப் பொறுக்கி வெட்டும் இடத்தில்.

தையல்கடையிலிருந்து மூட்டையாக வாங்கும் வெட்டுத்துணியில் எல்லாம் கலந்திருக்கும். பனியன் துணி இழுத்த பக்கம் நீளும்; நெய்த பருத்தியோடு சேர்த்துத் தைத்தால் பக்கத்துத் துண்டு சுருங்கி நிற்கும். பளபளக்கும் லைனிங் துணி ஓரத்தில் பிசிறிக்கொண்டே போகும். பிள்ளைகள் முன் வைக்கும் கூடையில் நெய்த பருத்தி மட்டும் இருக்கட்டும். பழைய சட்டையும் காட்டன் புடவையும் தாராளமாகப் போதும். எல்லாவற்றையும் துவைத்து, இஸ்திரி போட்டுக் கொடுங்கள். கருஞ்சிவப்பு, கருநீலத் துணிகளை ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பார்த்துவிடுவது நல்லது. சாயம் ஒட்டினால் அந்தத் துணி வேண்டாம்.

அளவை ஆசைக்கு வைக்கக் கூடாது. 12 அங்குலச் சதுரம் போதும். 4½ அங்குலச் சதுரங்கள் ஒன்பது வெட்டி, மூன்று வரிசையாக, ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் கால் அங்குலம் பிடித்துத் தைத்தால் 12½ அங்குலம் வரும்; ஓரம் மடித்ததும் 12. இங்கேதான் கணக்கு தவறும். ஒரு வரிசையில் கால் அங்குலமும் அடுத்த வரிசையில் அரைக்கால் கூடுதலாக, அதாவது ⅜ அங்குலமும் பிடித்தால், இரண்டு வரிசைகளுக்கும் அரை அங்குல வித்தியாசம் வந்துவிடும். பிள்ளை குட்டையான வரிசையை இழுத்துச் சமன்செய்யும், துணி வளையும். கால் அங்குலக் கோட்டைத் துணியின் பின்பக்கம் பென்சிலால் போட்டுக் கொடுத்தால் இந்தத் தொல்லை பாதி குறையும். கிராஸாக வெட்டிய துண்டும் இப்படித்தான் இழுபடும், அதனால் இழை ஓடும் திசையிலேயே வெட்ட வேண்டும்.

முதல் வரிசையில் தையலுக்குப் பிடித்த ஓரங்களை வலப்பக்கமும் அடுத்ததை இடப்பக்கமும் மடித்து இஸ்திரி போடுங்கள். வரிசைகளைச் சேர்க்கும்போது மூலைகள் ஒன்றுக்குள் ஒன்று உட்காரும். இஸ்திரிப் பெட்டியைப் பெரியவர்தான் கையாள வேண்டும்.

நூல் 18 அங்குலத்துக்கு மேல் வேண்டாம், சிக்கும். தைத்த மேல்துணிக்கும் அடித்துணிக்கும் நடுவில் வைக்கப் பழைய ஃபிளானல் (மெத்தென்ற மெல்லிய துணி) சிறந்தது. தடித்த டவலில் சின்ன விரல்களால் ஊசியைத் தள்ள முடியாது. அடித்துணியையும் ஃபிளானலையும் மேல்துணியைவிட நாலு பக்கமும் ஒரு அங்குலம் பெரிதாக விட்டு, நடுவிலிருந்து வெளியே தைத்துப் போனால் உப்பல் வராது.

அளவெடுக்கவே திணறும் சிறு பிள்ளைகளுக்குக் கர்நாடகத்தில் வாழும், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி மக்கள் கவந்தி என்ற ஒட்டுத்துணிப் போர்வையைத் தைக்கும் முறை அருமையாகப் பொருந்தும். அங்கே பழைய புடவையை விரித்து, அதன் ஓரத்திலிருந்து தொடங்கி, கிடைத்த துண்டுகளை விளிம்பு மடித்து வைத்து, சுற்றிச் சுற்றி நடுவுக்குத் தைத்து வருவார்கள். சதுரம், முக்கோணம் என்ற கட்டாயமில்லை. நாலு மூலையிலும் மடித்த சிறு துணி முக்கோணங்களை 'பூ'வாக வைத்து முடிப்பார்கள். உருவம் வேண்டுமென்றால், தஞ்சாவூர்ப் பக்கம் தேரில் தொங்கும் உருளை வடிவத் துணி அலங்காரமான தொம்பையைக் காட்டுங்கள். வெட்டிய துணியை இன்னொரு துணிமேல் வைத்துத் தைக்கும் வேலையை அதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

வீட்டிலிருந்து செய்து கொண்டுவரச் சொன்னால் அம்மாவின் மெஷின் தையல்தான் வரும். அரங்கிலேயே தைக்க வையுங்கள். பெயருக்குப் பதில் எண் ஒட்டுங்கள். மதிப்பிடும்போது துண்டைத் திருப்பிப் பாருங்கள்: முடிச்சு அவிழுமா, தையல் அடித்துணி வரை இறங்கியிருக்கிறதா, மூலைகள் சேர்ந்தனவா. பொடித் தையலைவிடச் சீரான இடைவெளிக்கே கூடுதல் மதிப்பெண் தர வேண்டும். நிறங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த துணிச்சலுக்கும் தனி மதிப்பெண் உண்டு. அதை மற்றவற்றோடு கலக்காதீர்கள்.

ஊசியை எண்ணிக் கொடுத்து, எண்ணியே திரும்ப வாங்குங்கள். ஒன்று குறைந்தாலும் யாரையும் எழுந்து நடக்கவிடாமல், காந்தத்தை வைத்துத் தரையைத் தேடுங்கள்.