ஏழாம் அவென்யூவில் மாஸ்கோ

ஜனவரி 8, வியாழன்

1923இல் இதே தேதியில்தான் மாஸ்கோ ஆர்ட் தியேட்டர் என்ற ரஷ்ய நாடகக் குழு நியூயார்க்கில் முதல் ஆட்டம் போட்டது. இடம்: ஏழாம் அவென்யூவில், 59ஆம் தெருவை ஒட்டி இருந்த ஜால்சன் தியேட்டர். முதல் நாடகம் 'ஜார் ஃபியோதர்'. எழுதியவர் அலெக்சி டால்ஸ்டாய். நமக்குத் தெரிந்த டால்ஸ்டாயின் உறவுக்காரர். அடுத்து கார்க்கி, செகாவ். எல்லாம் ரஷ்ய மொழியில். ஆங்கில மொழிபெயர்ப்பைப் புத்தகமாக அச்சிட்டு விற்றார்கள். அவ்வளவுதான் உதவி.

மதியம் சாப்பிட்ட கையோடு அந்தப் பக்கம் நடந்தேன். தியேட்டரை 1962இல் இடித்துவிட்டார்கள். சரி, போகட்டும். குளிர் காதைப் பிய்த்தது.

ஜனவரி 10, சனி

செகாவின் 'மூன்று சகோதரிகள்' நாடகத்தில் மாஷாவுக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். நியூயார்க்கில் அந்த வேடம் போட்ட ஓல்கா நிப்பருக்கு, செகாவின் மனைவிக்கு, வயது 54. 1901இல் மாஸ்கோவில் முதன்முதலில் மாஷாவாக நடித்தவரும் அவர்தான். மாஷாவைக் காதலிக்கும் ராணுவ அதிகாரி வெர்ஷினினாக நடித்தவர், குழுவை நிறுவிய இருவரில் ஒருவரான ஸ்தானிஸ்லாவ்ஸ்கி.

மொழியும் புரியாது, வயதும் பொருந்தாது. ஆனாலும் பார்த்தவர்கள் மயங்கிப்போனார்கள். எனக்குத் தோன்றும் காரணம் ஒன்றுதான். நம்மூர் ராஜபார்ட் மாதிரி ஒருவர் முன்னால் வந்து நின்று பேச, மற்றவர்கள் ஓரமாக ஒதுங்குகிற வழக்கம் இவர்களிடம் கிடையாது. 'செர்ரித் தோட்ட'த்தில் கிழட்டு வேலைக்காரன் ஃபிர்ஸ் தட்டை ஏந்திக்கொண்டு குறுக்கே போனாலும், அவனுக்கென்று ஒரு வாழ்க்கை இருப்பது தெரிய வேண்டும். இதற்காகத்தான் அங்கே மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்தார்கள். வசனம் விளங்காதவனுக்கு இதுதானே முதலில் கண்ணில் படும்?

ஜனவரி 13, செவ்வாய்

இந்தக் குழுவில் ஒரு பகுதியினர் அதற்கு முன்பே நாடோடிகள். 1919 கோடையில் நடிகர் கச்சாலவ், நிப்பர் முதலானோர் உக்ரைனின் கார்கிவில் ஆடிக்கொண்டிருந்தபோது புரட்சியை எதிர்த்த டெனிகினின் வெள்ளைப் படை நகரத்தைப் பிடித்தது. மாஸ்கோவுக்குத் திரும்ப வழியில்லை. ஜார்ஜியா, பல்கேரியா, பிராக் என்று ஆடிப் பிழைத்து 1922இல்தான் ஊர் சேர்ந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் மறுபடி மூட்டை கட்டினார்கள்.

உக்ரைன் என்றதும் இன்னொன்று. மாஸ்கோக்காரர்கள் வருவதற்கு மூன்று மாதம் முன்பு, 1922 அக்டோபர் 5 அன்று, அதே ஏழாம் அவென்யூவில் கொஞ்சம் தெற்கே உள்ள கார்னெகி ஹாலில் ஒலெக்சாந்தர் கோஷிட்ஸின் உக்ரைன் பாடகர் குழு பாடியது. கோஷிட்ஸ் முன்பு கீவில் சதோவ்ஸ்கியின் நாடகக் குழுவில் இசை நடத்தியவர். அவரை வெளிநாட்டுக்கு அனுப்பிய உக்ரைன் குடியரசு அதற்குள் இல்லாமலே போயிருந்தது.

ரஷ்ய நாடகத்துக்குக் கிடைத்த மேடை உக்ரைனிய நாடகத்துக்கு ஏன் கிடைக்கவில்லை என்று கேட்பவர்கள் 1876இலிருந்து தொடங்க வேண்டும். அந்த ஆண்டு ஜார் போட்ட உத்தரவில் உக்ரைனிய மொழியில் நாடகம் போடவே தடை. 1881இல் தளர்த்தினார்கள், அதுவும் எப்படி? உக்ரைனிய நாடகம் போட்டால் அதே மாலையில் ஒரு ரஷ்ய நாடகமும் போட்டாக வேண்டும். கொத்லியாரெவ்ஸ்கியின் உக்ரைனிய நாடகம் 'நத்தால்கா பொல்தாவ்கா' 1819இலேயே எழுதப்பட்டது. ஆனால் கீவில் சதோவ்ஸ்கி நிரந்தர நாடகசாலை தொடங்க 1907 ஆனது. சொந்த ஊரில் ஆடவே இந்தப் பாடு என்றால் அமெரிக்கா எங்கே போவது! உக்ரைனில் பிறந்த கோகோலும் ரஷ்ய நாடகாசிரியராகவே உலகம் சுற்றினார். அவருடைய அப்பா உக்ரைனிய மொழியில் நகைச்சுவை நாடகங்கள் எழுதியவர்.

ஜனவரி 17, சனி

ஸ்தானிஸ்லாவ்ஸ்கிக்கு அறுபது நிறைந்தது இந்தப் பயணத்தின்போதுதான், 1923இல் இதே நாள். சந்தோஷமாக இருந்திருப்பார் என்று சொல்ல முடியவில்லை. குழுவை அவரோடு சேர்ந்து நிறுவிய நெமிரோவிச்-தான்சென்கோவுக்குப் பெர்லினிலிருந்து எழுதிய கடிதத்தில், மாஷாவிடம் விடைபெறும் காட்சியில் நடிக்கவே கூச்சமாக இருக்கிறது என்கிறார். புரட்சி, போர் எல்லாம் பார்த்த பிறகு ஓர் அதிகாரி ஊரைவிட்டுப் போகிறார் என்பதற்காக அழுவதா என்ற எரிச்சல் அது.

அவருக்கே சலித்துப்போன அந்த நாடகங்களைப் பார்த்துத்தான் அமெரிக்க நடிப்பு தடம் மாறியது. அவருடைய பழைய மாணவர் பொலஸ்லாவ்ஸ்கி அந்த ஜனவரியிலேயே நியூயார்க்கில் விரிவுரை தொடங்கினார். அந்த ஆட்டங்களைப் பார்த்து, பிறகு பொலஸ்லாவ்ஸ்கியிடம் படித்த ஓர் இளைஞர், பின்னாளில் அமெரிக்காவின் புகழ்பெற்ற நடிப்பு ஆசிரியரான லீ ஸ்ட்ராஸ்பெர்க். பிறந்த ஊர் இன்றைய உக்ரைனில் இருக்கிறது. குழுவின் நடிகை மரியா உஸ்பென்ஸ்காயா ஊர் திரும்பாமல் இங்கேயே தங்கி நடிப்பு சொல்லிக்கொடுத்தார்.

ஸ்தானிஸ்லாவ்ஸ்கியின் சுயசரிதை 'கலையில் என் வாழ்க்கை' 1924இல் முதலில் ஆங்கிலத்தில்தான் வந்தது. பாதி படித்திருக்கிறேன். தன் நடிப்பில் எது பொய் என்று அவரே துருவும் பக்கங்கள் அபாரம். மற்றவர்களைப் புகழும் பக்கங்களைத் தாராளமாகத் தாண்டலாம்.