கிங் பின் மாத்தின பிறகு ஸ்டீரிங் பிடிக்குதா?

நம்ம கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் லாரி ஓட்டுற தம்பிகளுக்கு. கிங் பின் (முன் சக்கரம் ரெண்டு பக்கமும் திரும்புறதுக்கான செங்குத்து முளை), அதைச் சுத்தி இருக்கிற புஷ் எல்லாம் புதுசு போட்டு வண்டியை எடுத்தா ஸ்டீரிங் இறுக்கமா இருக்கு, வளைவு முடிஞ்சும் தானா நேருக்கு வரலை, நேர் ரோட்டிலும் வண்டி அலையுதுன்னா, "ஓட ஓட சரியாயிடும்"ங்கிற பேச்சை நம்பி லோடோட தொப்பூர் கணவாய் இறங்காதீங்க. தயவுசெஞ்சு.

உடனே சக்கரக் கோணம் சரிபார்க்கிற அலைன்மென்ட்டுக்கும் ஓடாதீங்க. முன் ஆக்சிலை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, ஸ்டீரிங் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்கு வர்ற டிராக் லிங்க் கம்பியைக் கழட்டுங்க. சக்கரத்தைக் கையால் ரெண்டு பக்கமும் திருப்பிப் பாருங்க. பிடிச்சுப் பிடிச்சுத் திரும்பினா கோளாறு கீழே: புஷ் துளையை அளவுக்குச் சீவுற ரீமர் சரியா ஓட்டலை, இல்லன்னா இடைவெளிக்குப் போடுற ஷிம் தகடு அதிகம், இல்லன்னா கிரீஸ் ஏறலை. வண்டி எடை தரையில் நிக்கும்போது கிரீஸ் அடிச்சா எடையைத் தாங்குற கிங் பின் த்ரஸ்ட் பேரிங்குக்குள்ள சரியா போகாது. தூக்கி வெச்சுத்தான் அடிக்கணும்.

லேசா திரும்புதா? அப்போ மேலே பாருங்க. ஸ்டீரிங் பாக்ஸ் ஸ்குரூவை அதிகமா இறுக்கியிருக்கலாம், ஸ்டீரிங் ராடு கிராஸ் ஜாயின்ட் துரு ஏறியிருக்கலாம்.

ஸ்பிரிங் பட்டை கழட்டி மாட்டின வண்டின்னா ஆக்சில் மேலே இருக்கிற ஆப்புத் தகட்டை அவசியம் பாருங்க. தடிச்ச பக்கம் முன்பின்னா மாறினா காஸ்டர் (கிங் பின் பின்பக்கமா சாயுற கோணம்) குறைஞ்சு வண்டி அலையும். இதைப் பல பேர் பார்க்கிறதே இல்லைன்னு நினைச்சா வயிறு எரியுது.

அலைன்மென்ட் இதுக்கெல்லாம் அப்புறம்தான். அங்கே டோ அவுட் (முன் சக்கரங்களோட முன்பக்கம் வெளியே விரிஞ்சு நிக்கிறது) இருக்கான்னு கேளுங்க, அதுவும் அலைய வைக்கும்.