வேளைக்கு ஒரு மாத்திரையா, வேண்டும்போது மட்டுமா?

தண்டுவடக் காயத்தோடு வாழ்கிறவர்கள் நான்கு பேர் ஒன்றாக உட்கார்ந்தால், பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில், தசைகள் தானாக விறைத்துக்கொள்ளும் கால் இழுப்புக்குத்தான் வந்து சேரும். மாத்திரையை மூன்று வேளையும் தவறாமல் போட்டுக்கொள்ள வேண்டுமா, இழுப்பும் வலியும் வரும்போது மட்டும் போட்டுக்கொண்டால் போதாதா என்று யாராவது ஒருவர் கேட்பார். கேட்பவரின் பயம் நியாயமானது. ஆயுளுக்கும் சாப்பிடும் மாத்திரை சிறுநீரகத்தை என்ன செய்யும், உடம்புக்குப் பழகிப்போனால் பிறகு எதற்குத்தான் கேட்கும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். என் அம்மா இன்றைக்கும் சொல்கிறார். இத்தனை ஆண்டுகளில் எனக்குத் தெளிவானது, இந்தக் கேள்வியை எல்லா மாத்திரைக்கும் பொதுவாகக் கேட்கக் கூடாது என்பதுதான். ஒரு மருந்து உடம்பில் எத்தனை மணி நேரம் நிற்கிறது, திடீரென நிறுத்தினால் என்ன செய்யும் என்று தெரிந்துகொண்டால், எதை நேரம் தவறாமல் போட வேண்டும், எதைத் தேவைக்கு வைத்துக்கொள்ளலாம் என்பது பெரும்பாலும் தானாகவே விளங்கிவிடும். அளவை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர். அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று நமக்குத் தெரிந்திருப்பது நல்லது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

எனக்கு மார்புப் பகுதியில் முதுகெலும்பு முறிந்து தண்டுவடம் நசுங்கியது, முழுதாக அறுபடவில்லை. வீட்டுக்குள் வாக்கரைப் பிடித்துக்கொண்டு சில அடிகள் நடப்பேன், வெளியே போனால் சக்கர நாற்காலி. மூளையிலிருந்து இறங்கி வந்து தசைகளை அடக்கி வைக்கும் கட்டளைகள் காயத்தைத் தாண்டி ஒழுங்காகப் போய்ச் சேராததால், அதற்குக் கீழேயுள்ள தண்டுவடம் ஒவ்வொரு சின்னத் தூண்டலுக்கும் தன் போக்கில் தசைகளைச் சுருக்குகிறது. தசையை எவ்வளவு வேகமாக இழுத்து நீட்டுகிறோமோ அவ்வளவுக்கு அது எதிர்க்கும் என்பதே இந்த விறைப்பின் அடையாளம். 1980இல் ஆஸ்திரேலிய நரம்பியல் மருத்துவர் ஜேம்ஸ் லான்ஸ் தந்த வரையறையும் இதைத்தான் சொல்கிறது. காலையில் கட்டிலிலிருந்து காலை இறக்கி முன்பாதம் தரையில் பட்டதும் குதிகால் தூக்கித் தூக்கி அடிக்கத் தொடங்கும். முழங்கால்மேல் இரண்டு கைகளையும் ஊன்றி, உடம்பின் கனத்தை மெதுவாக இறக்கினால், குதிகால் கொஞ்சம் கொஞ்சமாகத் தரையில் படிந்து உதறல் நிற்கும். அவசரப்பட்டு அமுக்கினால் இன்னும் வேகமாக அடிக்கும்.

எங்களில் பெரும்பாலோர் சாப்பிடுவது பேக்லோஃபென். 1962இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தில் வலிப்பு நோய்க்காக உருவாக்கப்பட்டது; வலிப்புக்குப் பெரிதாகப் பயன்படவில்லை, விறைப்பைத் தளர்த்தும் என்பது பிறகு தெரியவந்தது. நரம்புகளின் துடிப்பை அடக்கும் காபா என்ற வேதிப்பொருளின் வேலையைத் தண்டுவடத்தில் இது செய்கிறது. விழுங்கி ஓரிரண்டு மணி நேரத்தில் இரத்தத்தில் உச்சத்துக்குப் போய், பிறகு மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதி பாதியாகக் குறைந்துகொண்டே போகும். மருந்துச் சீட்டில் 1-1-1 என்று எழுதுவதன் காரணம் இதுதான். வழக்கமாக வேளைக்கு 5 மில்லிகிராமில் தொடங்கி, சில நாட்களுக்கு ஒருமுறை சிறிது சிறிதாக ஏற்றி, விறைப்பும் தூக்கக் கலக்கமும் இரண்டுமே சமாளிக்கக் கூடிய ஓர் அளவில் நிறுத்துவார்கள். நாளொன்றுக்கு 80 மில்லிகிராம் வழக்கமான உச்சவரம்பு. ஒரே சீராகச் சாப்பிட்டு வந்தால்தான் இப்படி ஏற்றுவதற்கே பொருள் உண்டு. இழுப்பு வந்த பிறகு எடுத்து விழுங்கினால், மாத்திரை வேலை செய்யத் தொடங்கும் நேரத்தில் அந்த இழுப்பு தானாகவே அடங்கியிருக்கும். உடம்பு பழகாத மருந்து என்பதால் தூக்கமும் தலைசுற்றலும் மட்டும் மிஞ்சும்.

நேரத்தைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் மாத்திரையின் அளவைக் கூட்டச் சொல்லிக் கேட்கும் பலருக்கு உண்மையில் தேவைப்படுவது நேர மாற்றம்தான். வேளை என்றால் சாப்பாட்டு வேளை என்று எடுத்துக்கொள்வது நம் வீடுகளின் வழக்கம். காலை 8, மதியம் 1, இரவு 9 என்று போட்டால் இரவில் 11 மணி நேர இடைவெளி விழுகிறது. விடியற்காலையில் கால்கள் இரண்டும் பலகையாக நீட்டிக்கொண்டு, தொடையும் கீழ்முதுகும் வலித்துக்கொண்டு கண் விழிப்பது இதனால்தான். நான் நேரத்தோடு குறித்து வைத்திருந்த நோட்டைப் பார்த்த மருத்துவர், ஒரு மில்லிகிராம்கூடக் கூட்டாமல், இரவு மாத்திரையைப் பத்தரைக்கும் காலை மாத்திரையை ஐந்தரைக்கும் மாற்றினார். தலைமாட்டில் தண்ணீரும் இரண்டு பிஸ்கட்டும் இருக்கும். படுத்த இடத்திலேயே போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் கழித்து எழுகிறேன். அதிகாலை வலிக்கென்று தனியாகப் போட்டுக்கொண்டிருந்த மாத்திரை அதன்பிறகு தேவைப்படவில்லை.

பேக்லோஃபெனை வேண்டும்போது மட்டும் போட்டுக்கொள்கிறேன் என்று யாராவது சொன்னால் நான் சும்மா இருப்பதில்லை. தொடர்ந்து சாப்பிட்டு வந்தவர் அதைத் திடீரென நிறுத்தினால் விறைப்பு முன்பைவிடக் கடுமையாகத் திரும்பும். கடுங்காய்ச்சல், வலிப்பு, இல்லாதது கண்ணுக்குத் தெரிவது, தசைகள் சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிப்பது வரை போகலாம். வயிற்றுத் தோலுக்கு அடியில் பம்ப் பொருத்தித் தண்டுவட நீரில் மருந்தைச் செலுத்திக்கொள்பவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் பெரிது. எனக்குத் தெரிந்த ஒரு தம்பி, தென்னை மரத்திலிருந்து விழுந்து காயப்பட்டவன், மாதக் கடைசியில் கையில் காசில்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டான். கால்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு பிரிக்க முடியாமல் போயிற்று, காய்ச்சல் ஏறியது, சுவரோரம் ஆட்கள் நிற்பதாகப் பேசத் தொடங்கினான். வீட்டார் காத்துக்கருப்பு அண்டிவிட்டது என்று விபூதி பூசிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டில் நர்ஸாக வேலை பார்க்கும் அக்கா வந்து மாத்திரை அட்டையைக் காட்டச் சொன்ன பிறகுதான் விஷயம் புரிந்தது. மருத்துவமனையில் மாத்திரையை மறுபடி தொடங்கியதும் தெளிந்தான். விரதம் இருப்பவர்களும், வேறு ஏதேனும் அறுவைக்காக வெறும் வயிற்றில் இருக்கச் சொல்லப்பட்டவர்களும் இதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்த பிறகு, எங்கள் பட்டுக்கோட்டைப் பக்கம் மின்சாரமும் இல்லை, சாலையெங்கும் விழுந்து கிடந்த மரங்கள். மருந்துக்கடை திறந்தபோது காய்ச்சல் மாத்திரை இருந்தது, பேக்லோஃபென் இல்லை. சாதாரண நாளிலேயே சொல்லி வைத்தால்தான் வரவழைப்பார்கள். என் அக்கா இரண்டு வாரத்துக்கான அட்டைகளை எப்போதும் தனி டப்பாவில் எடுத்து வைத்திருப்பதால் எனக்கு ஒரு வேளையும் தவறவில்லை. கடையில் அட்டையை வெட்டிக் கொடுத்தால் காலாவதித் தேதி இருக்கும் பக்கத்தைக் கேட்டு வாங்குவதும் அவர் வழக்கம்.

பழகிவிடும் என்ற பேச்சுக்கு வருகிறேன். இரத்த அழுத்த மாத்திரைகளில் சிலவற்றைத் திடீரென நிறுத்தினால் அழுத்தம் எகிறும். அதற்காக அதைச் சாப்பிடுபவரைப் போதைக்கு அடிமை என்று யாரும் சொல்வதில்லை. பேக்லோஃபெனுக்கு உடம்பு தன்னைப் பொருத்திக்கொள்வதும் அப்படித்தான்: நிறுத்துவதானால் வாரக்கணக்கில் படிப்படியாக இறக்க வேண்டும், அவ்வளவே. ஆனால் பெரியவர்களின் பயம் முழுக்க ஆதாரமற்றது என்று சொல்லிவிட முடியாது. டயஸிபாமும் விறைப்பைத் தளர்த்தும், பழைய சீட்டுகளில் நிறையவே இருக்கும். நாள்தோறும் சாப்பிட்டால் அதே அளவு கேட்காமல் போவதும் விட முடியாமல் போவதும் அதில் உண்மை. அதை மருத்துவர் ஏன் தயங்கி எழுதுகிறார் என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

விறைப்புக்கான இன்னொரு மாத்திரையான டைசானிடின் வேறு வகை. ஓரிரண்டு மணி நேரத்தில் உச்சத்துக்கு வந்து, மூன்றிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் அதன் வேலை முடிந்துவிடும். அமெரிக்காவில் 1996இல் அனுமதி பெற்ற இந்த மருந்தின் அதிகாரபூர்வக் குறிப்பே, விறைப்பு தளர்வது மிகவும் அவசியமான வேலைகளுக்கும் நேரங்களுக்கும் இதை ஒதுக்கிக்கொள்ளச் சொல்கிறது. என் சீட்டில் 2 மில்லிகிராம், எஸ்.ஓ.எஸ்., அதாவது தேவைப்பட்டால் மட்டும், என்று இருக்கிறது. எந்தெந்தச் சமயத்துக்கு என்பதை மருத்துவரோடு பேசி முன்பே முடிவு செய்துகொண்டோம்: பிசியோதெரபியில் தசைகளை நீட்டும் நாளில் ஒரு மணி நேரம் முன்னால், சென்னைக்கு ரயிலில் போகும் இரவில் படுப்பதற்கு முன்னால். வலி தாங்க முடியாமல் போன பிறகு தேடி எடுப்பதைவிட, எப்போது கால் இழுக்கும் என்று தெரிந்து முன்னால் போட்டுக்கொள்வதில்தான் இதன் பயன் இருக்கிறது. இரத்த அழுத்தத்தை இது இறக்கும் என்பதால், போட்ட பிறகு படுக்கையிலிருந்து சட்டென எழுந்து உட்காரக் கூடாது. இதையும் அதிக அளவில் நாள்தோறும் சாப்பிடுபவர்கள் திடீரென நிறுத்தக் கூடாது, அழுத்தம் எதிர்த்திசையில் ஏறும். இன்னோர் எச்சரிக்கை எங்களைப் போன்றவர்களுக்கென்றே சொன்னதுபோல் இருக்கும்: டியூப் வைத்துச் சிறுநீர் எடுப்பவர்களுக்குத் தொற்று அடிக்கடி வரும், அதற்குச் சிப்ரோஃப்ளாக்சசின் என்ற கிருமிக்கொல்லி மருந்தை எழுதுவதும் சகஜம், இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் டைசானிடின் இரத்தத்தில் ஏறத்தாழ பத்து மடங்கு வரை உயர்வது ஆய்வில் தெரிந்திருக்கிறது. இவ்விரண்டையும் சேர்த்துக் கொடுக்கவே கூடாது. எப்போதாவது போடும் மாத்திரை என்பதால் அதை மருத்துவரிடம் சொல்ல மறந்துவிடுவோம், அங்கேதான் ஆபத்து.

விறைப்பை முழுதாக ஒழித்துவிட வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம். குளியலறையில் சுவர்க் கம்பியைப் பிடித்து நான் எழுந்து நிற்கும்போது என்னைத் தாங்குவது என் தசை பலத்தைவிட, முழங்காலை நேராகப் பூட்டி வைக்கும் அந்த விறைப்புதான். மாத்திரை அதிகமானால் முழங்கால் நழுவி மடங்கும். கணக்கு எழுதும் வேலை பார்க்கும் எனக்கு மதிய மாத்திரையின் தூக்கமும் பெரிய இடைஞ்சல். ஆகவே, குறைவாகச் சாப்பிட வேண்டும் என்று கேட்பவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. அதற்கான வழி நினைத்த வேளையை விட்டுவிடுவதல்ல. எந்த வேளையில் எவ்வளவு விறைப்பு நமக்கு வேண்டும் என்று மருத்துவரிடம் சொல்லி, அந்த வேளையின் அளவை மட்டும் மெதுவாக இறக்குவது.

இழுப்பு திடீரென்று கூடினால் கூடுதல் மாத்திரையை எடுப்பதற்கு முன்னால் காரணத்தைத் தேட வேண்டும். உணர்ச்சி குறைந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று உடம்பு நமக்குச் சொல்லும் ஒரே வழி சில நேரம் இந்த இழுப்புதான். சிறுநீர்ப்பை நிறைந்திருக்கும், மலச்சிக்கலாக இருக்கும், தொற்று தொடங்கியிருக்கும், கட்டைவிரல் நகம் சதைக்குள் வளர்ந்திருக்கும், பிட்டத்தில் அழுத்தப் புண் தொடங்கியிருக்கும். ஒருநாள் மாலை என் வலது கால் நாற்காலியின் கால்மிதியை விட்டு உதைத்துக்கொண்டே இருந்தது. அக்கா தொடைக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தபோது பேனா மூடி ஒன்று கிடந்தது. தோலில் சிவப்பாகப் பதிந்திருந்தது. அதை எடுத்ததும் கால் அடங்கிவிட்டது. மாத்திரையைப் போட்டு அடக்கியிருந்தால் இரவுக்குள் அது புண்ணாகியிருக்கும்.

வலி மாத்திரைகளிலும் இதே வேறுபாட்டைப் பார்க்க வேண்டும். இழுப்பினால் வரும் தசை வலி வேறு, காயம்பட்ட நரம்பே கிளப்பும் எரிச்சலும் மின்சாரம் பாய்வதுபோன்ற குத்தலும் வேறு. நரம்பு வலிக்குக் காபாபென்டின், ப்ரீகாபாலின் போன்றவற்றை நாள்தோறும் சாப்பிட்டு, அளவை ஏற்றி, சில வாரங்கள் கழித்துத்தான் பயன் உண்டா என்று சொல்ல முடியும். வலித்த அன்று ஒன்று போட்டுப் பார்த்துவிட்டு இது கேட்கவில்லை என்று ஒதுக்குவது அந்த மருந்துக்குச் செய்யும் அநியாயம். நிறுத்தும்போதும் குறைந்தது ஒரு வாரமாவது இறக்கி இறக்கி நிறுத்த வேண்டும். தோள்வலி போன்ற சாதாரண வலிக்குப் பாராசிட்டமால் தேவைக்குப் போதும். கடையில் தசைப்பிடிப்பு என்று சொன்னால் டைக்ளோஃபெனாக் கலந்த கூட்டு மாத்திரையை எடுத்து நீட்டுவார்கள். அதைத்தான் நான் மிகவும் பயப்படச் சொல்வேன்: தொடர்ந்து சாப்பிட்டால் அது சிறுநீரகத்தைக் கெடுக்கும், பேக்லோஃபென் பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுகிறது, வெளியேற முடியாத பேக்லோஃபென் உடம்பில் தேங்கி ஆளையே மயக்கத்தில் தள்ளும். மாத்திரையால் சிறுநீரகம் போய்விடுமே என்று அம்மா பயப்படுவதில் உண்மை இருக்கிறது, ஆனால் அவர் சந்தேகப்பட வேண்டியது தினமும் போடும் மாத்திரையை அல்ல, எப்போதாவது கடையில் கேட்டு வாங்கும் மாத்திரையை.

வலிக்கு மருந்தைக் கடிகாரம் பார்த்துக் கொடுக்க வேண்டும், வலி திரும்பும்வரை காத்திருக்கக் கூடாது என்ற கொள்கையை, எல்லா மாத்திரையையும் வேளை தவறாமல் போட வேண்டும் என்பதற்கு ஆதாரமாகக் காட்டுபவர்கள் உண்டு. லண்டனில் 1967இல், இறுதிக் கட்டத்தில் இருக்கும் நோயாளிகளைப் பராமரிக்கும் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் அதை வலியுறுத்தினார். உலக சுகாதார நிறுவனம் 1986இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலும் அது இடம்பெற்றது. இரண்டும் புற்றுநோய் வலிக்காகச் சொல்லப்பட்டவை. பல பத்தாண்டுகள் வாழப்போகும் தண்டுவடக் காயக்காரருக்கு மார்ஃபின் வகை மருந்துகளை அதே முறையில் கொடுப்பது நல்லதல்ல என்பதே இன்று பெரும்பாலான மருத்துவர்களின் கருத்து. எனக்கும் அது சரியாகவே படுகிறது.

இப்போது என் மதிய மாத்திரையை மருத்துவர் சொன்னபடி 20 மில்லிகிராமிலிருந்து 15க்கு இறக்கியிருக்கிறேன். வேலை நேரத்தில் கண் சொக்குவது குறைந்திருக்கிறது, மாலையில் கெண்டைக்கால் மட்டும் கொஞ்சம் முரண்டுபிடிக்கிறது. அந்த ஒரு தசைக்கு மட்டும் போட்டுலினம் ஊசி போட்டுக்கொண்டால் ஏறக்குறைய மூன்று மாதம் தளர்ந்திருக்கும், தூக்கமும் வராது. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது, ஊசிக்குப் பிறகும் முழங்கால் என்னைத் தாங்குமா, மதிய வேளையை 10க்கு இறக்கலாமா என்று கேட்டுவிட்டு எழுதுகிறேன்.