காடாத் துணியில் மாஸ்க்: இதுவரை

கடையில் வாங்கும் நீல மாஸ்க் பார்க்கப் பேப்பர் போல இருந்தாலும் மூன்று அடுக்கும் பாலிப்ரொப்பிலீன், அதாவது பிளாஸ்டிக். நடு அடுக்கில் மின்னூட்டம் ஏற்றியிருப்பார்கள். நுண்துகளை இழுத்துப் பிடிப்பதில் பெரும்பங்கு அதற்குத்தான். பருத்தியில் அந்த வித்தை கிடையாது. அதனால் நான் தைத்துப் பார்க்கும் பருத்தி மாஸ்க் ஆஸ்பத்திரிக்கு மாற்று என்று சொல்ல வரவில்லை. பஸ்ஸில் போக, சந்தைக்குப் போக, ஒட்டடை அடிக்க ஒன்று வேண்டும். கிழிந்தால் அது மண்ணில் மக்க வேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை.

துணி மாஸ்க்கின் உள் அடுக்கு ஈரம் உறிஞ்ச வேண்டும், வெளி அடுக்கு உறிஞ்சக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2020 ஜூனில் சொன்னது. வெளியே போட அவர்கள் சொன்னது பாலியஸ்டர் போன்ற துணி. அதுவும் மக்காத பிளாஸ்டிக்தான், நமக்கு ஆகாது.

இங்கேதான் காடா, அதாவது வெளுக்காத பருத்தித் துணி, கைகொடுத்தது. வெளுக்காத பருத்தி நூலில் இயற்கையாகவே கொஞ்சம் மெழுகு இருக்கும். கஞ்சி போகப் பச்சைத் தண்ணீரில் அலசிக் காயவைத்த காடாவில் ஒரு சொட்டு விட்டேன். ஊறாமல் முத்தாக நின்றது. அதே துணியில் இன்னொரு துண்டைச் சலவைச் சோடா போட்டுக் கொதிக்க வைத்தால், சொட்டு விழுந்த உடனே காணோம். ஆக, ஒரே பீஸில் வெளி அடுக்கும் ஆச்சு, உள் அடுக்கும் ஆச்சு. நடுவில் பழைய பட்டுப் புடவையின் ஜரிகையில்லாத பகுதி.

சிக்கல் துவைப்பதில். சுடுதண்ணீரும் சோப்பும் பட்டால் மெழுகு கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும். தேன்மெழுகு தேய்த்துப் பார்த்தேன்: தண்ணீர் நின்றது, மூச்சும் நின்றது.

அப்புறம் சில்லறைச் சாமான்கள். துணியைவிட இவைதான் படுத்துகின்றன. தையல் நூல் கேட்டால் கடையில் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் பாலியஸ்டர். நுனியைக் கொளுத்தினால் தெரிந்துவிடும்: பருத்தி காகித வாசனையோடு சாம்பலாகும், பாலியஸ்டர் உருகிக் கெட்டி மணியாகும். பூந்தொட்டியில் புதைத்த ஒரு துண்டில் துணி மக்கிப் போய், தையல் போட்ட நூல் மட்டும் மடிப்புக் குலையாமல் மண்ணோடு வந்தது. இலாஸ்டிக்குக்குப் பதில் அதே துணியில் நாடா, பின்தலையில் முடிச்சு. மூக்குக்குச் செம்புக் கம்பி. துவைக்கும்போது உருவி எடுக்க ஒரு முனையைத் தைக்காமல் விட்டிருக்கிறேன்.

நாடாவில் ஒரு லாபமும் உண்டு, இழுத்துக் கட்டலாம். ஓரத்தில் இடைவெளி இருந்தால் வடிகட்டும் திறன் 60 சதவீதத்துக்கு மேல் குறையலாம் என்று 2020இல் அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத்தாரும் ஆர்கான் (Argonne) தேசிய ஆய்வகத்தாரும் சேர்ந்து செய்த ஆய்வு சொன்னது. எனக்கு மூக்குக்கண்ணாடிதான் சோதனைக் கருவி: பனி படர்ந்தால் மூக்கருகே காற்று கசிகிறது என்று அர்த்தம்.

அடுத்ததில் வெளி அடுக்கைப் பெரிய தையலாகப் போடப் போகிறேன், சுலபமாகப் பிரிக்கலாம். மெழுகு போனதும் அந்தத் துண்டு உள்ளே போகும், புதுக் காடா வெளியே வரும்.