குழந்தைகளைக் கொஞ்சம் பாத்துக்கோங்க

டப்பிங் வேலையில் இருப்பவர்களுக்குக் கிறிஸ்துமஸ் எந்த மாதத்தில் வேண்டுமானாலும் வரும். எங்களுக்கு ஒருமுறை மே மாதத்தில் வந்தது. வெளியே அக்னி நட்சத்திரம், வடபழனி ரோட்டில் தார் செருப்போடு ஒட்டிக்கொண்டு வருகிறது. உள்ளே திரையில் பனி கொட்டுகிறது. அமெரிக்க சிட்காம், அதாவது நகைச்சுவைத் தொடர், ஒன்றின் முழு சீசனும் தமிழுக்கு வந்திருந்தது. தொடரின் பெயரைச் சொல்ல நான் போட்ட கையெழுத்து இடம் கொடுக்காது. சொல்லாததால் நஷ்டமும் இல்லை. இந்தக் கதையை நீங்கள் வேறு பெயரில் எப்படியும் பார்த்திருப்பீர்கள்.

ஒரே வீட்டில் தங்கியிருக்கும் இரண்டு பிரம்மச்சாரிகள். கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலை, மாடி வீட்டு நர்ஸுக்கு அவசர ட்யூட்டி. "ரெண்டு மணி நேரத்துல வந்துடறேன்" என்று தன் மூன்று பிள்ளைகளை இவர்களிடம் விட்டுவிட்டு ஓடுகிறாள். பனிப்புயலில் ரோடு அடைபட்டுப் போகிறது. அப்புறம் என்ன, வான்கோழி கருகும், மரம் சாயும், கைக்குழந்தையின் டயபரை பார்சல் டேப்பால் ஒட்டுவார்கள். விடிந்ததும் அம்மா வந்து பார்த்தால் எல்லோரும் ஒரே சோபாவில் ஒருவர்மேல் ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார்கள். மொத்தம் 22 நிமிடம்.

கிண்டலாகச் சொன்னாலும் எனக்கு இந்த வகைக் கதை பிடிக்கும். சாப்ளின் 1921-லேயே 'தி கிட்' படத்தில் தெருவில் கிடைத்த குழந்தையை வைத்துக்கொண்டு திண்டாடியிருக்கிறார். 1987-ல் தொடங்கிய 'ஃபுல் ஹவுஸ்' எட்டு சீசன் ஓடியதே இந்தத் திண்டாட்டத்தை வைத்துத்தான்: மனைவியை இழந்த ஒருவர், அவருடைய மச்சான், ஒரு நண்பர், நடுவில் மூன்று பெண் குழந்தைகள். 1988 டிசம்பரில் வந்த அவர்களுடைய முதல் கிறிஸ்துமஸ் எபிசோடிலும் பனிப்புயல்தான். குடும்பமே விமான நிலையத்தில் மாட்டிக்கொள்ளும். பனிப்புயல் என்ற ஒன்றே இல்லாமல் இருந்திருந்தால் அந்த எழுத்தாளர்கள் டிசம்பரில் என்ன செய்திருப்பார்களோ.

என் வேலை கோஆர்டினேட்டர். யாரை எத்தனை மணிக்கு வரச்சொல்வது, ஸ்டுடியோ எத்தனை மணி நேரம் வேண்டும், யாருக்கு எவ்வளவு வவுச்சர், யார் கோபித்துக்கொண்டு கிளம்பப் பார்க்கிறார்கள், இவ்வளவுதான். குழந்தைகளைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

கதையில் வரும் கைக்குழந்தையால் எங்களுக்குத் தொந்தரவில்லை. வசனத்தை நீக்கிவிட்டு இசையும் சத்தங்களும் மட்டும் உள்ள ட்ராக் ஒன்றைத் தருவார்கள். எம் அண்ட் ஈ என்போம். அழுகை அதிலேயே இருந்தது. படப்பிடிப்பின்போது அங்கே ஸ்டுடியோவில் உட்கார்ந்து பார்த்த ஜனங்களின் சிரிப்பும் அதிலேயே இருந்தது. சிட்காம் டப்பிங்கின் தலைவலியே இதுதான். சிரிப்பு எங்கே தொடங்கும், எத்தனை நொடி நீளும் என்பதெல்லாம் அங்கேயே முடிவாகிவிட்டது. தமிழ் வசனம் அதற்குள் முடிந்தாக வேண்டும். அரை நொடி நீண்டால் ஜோக் முடியும் முன்பே சிரித்துவிடுவார்கள். முன்னால் முடித்தால், ஜோக் எடுபடவில்லையோ என்று நினைக்க வைக்கும் ஒரு சங்கடமான இடைவெளி. அனுபவமுள்ள ஆர்ட்டிஸ்ட்டுகள் இதைச் சமாளித்துவிடுவார்கள். ஏழு வயதுப் பையனிடம், "கண்ணா, சிரிப்பு வர்றதுக்குள்ள முடிச்சுடுப்பா" என்றால், "யாரு சிரிப்பாங்க?" என்று திரும்பிப் பார்ப்பான்.

வழக்கமாக இந்த வம்பே இருக்காது. நம் ஊரில் குழந்தைக் குரலைப் பெரியவர்களே பேசிவிடுவார்கள். பல வருஷமாக ஐந்து வயதிலேயே இருக்கும் அக்காக்கள் உண்டு, அபாரமான திறமைசாலிகள். இந்த முறை வந்த குறிப்பில் நிஜக் குழந்தைகள்தான் பேசவேண்டும் என்று இருந்தது. ஆகவே ஒரு பையன், ஆறு வயதில் ஒரு சிறுமி. பையனின் அப்பா காலையில் வாசலிலேயே இறக்கிவிட்டு ஆபீசுக்குப் போய்விட்டார். சிறுமியின் அம்மா மட்டும் கூட இருந்தார். பதினொரு மணிக்கு அவருக்கு வீட்டிலிருந்து போன் வந்தது. மாமியாரை உடனே டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும். "ஒரு மணி நேரத்துல வந்துடறேன் மேடம், குழந்தைகளைக் கொஞ்சம் பாத்துக்கோங்க." என் கையில் இருந்த ஸ்கிரிப்டில் ஏறக்குறைய அதே வசனம். நர்ஸ் இன்னும் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கேட்டிருந்தாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

முதல் பிரச்சினை கொலுசு. சிறுமி மைக் முன்னால் நின்று கால் மாற்றும்போதெல்லாம் சலங்கைச் சத்தம். கழற்றமாட்டாளாம், பாட்டி கழற்றக் கூடாது என்று சொல்லியிருக்கிறாராம். கடைசியில் இரண்டு கர்ச்சீப் வாங்கி, கொலுசோடு சேர்த்துக் கணுக்காலைச் சுற்றிக் கட்டினேன். விளையாட்டில் அடிபட்டவள் மாதிரி நின்றாள், பெருமையாகத்தான். டாக்பேக் ஸ்பீக்கரில் இன்ஜினியர், "மேடம், இன்னும் ஏதோ சரசரங்குது" என்றார். பையனின் பாக்கெட்டில் சிப்ஸ். அதையும் வாங்கி வைத்தேன். அடுத்த டேக்கில் யாருடைய வயிறோ கடமுடா என்றது. நல்ல மைக் பசியைக்கூட விடாது. அந்தச் சின்ன ஸ்டுடியோவில் டேக் போகும்போது ஏசியை வேறு அணைத்துவிடுவார்கள், அதனால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே கூட்டிவந்து தண்ணீர் கொடுக்க வேண்டும். தண்ணீர் கொடுத்தால் பாத்ரூம். சாக்லேட் கொடுத்து வழிக்குக் கொண்டுவரலாமென்றால் தொண்டை கட்டும். வாய் பிசுபிசுப்புக்குப் பச்சை ஆப்பிள் நல்லது என்று பெரிய ஆர்ட்டிஸ்ட்டுகள் துண்டு போட்டுக்கொண்டு வருவார்கள். அதைக் கொடுத்தால் புளிக்கிறது என்று முகத்தைச் சுளிக்கிறார்கள்.

எபிசோடில் இது எதுவும் வராது. வான்கோழி கருகுவது சம்பவம், அதைக் காட்டலாம். பாத்ரூம் கதவுக்கு வெளியே கையில் சோப்போடு நிற்பதை யார் காட்டுவார்கள்? குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதில் முக்கால்வாசி இப்படி நிற்பதுதான். 22 நிமிடக்காரர்கள் முதலில் வெட்டுவதும் அதைத்தான்.

இன்னொன்றும் அன்றைக்கு மண்டையில் உறைத்தது. டைரக்டர் சாருக்கு இரண்டு பிள்ளைகள். இன்ஜினியருக்கு ஒன்று. வசனம் எழுதியவருக்குப் பேத்தியே உண்டு. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, வீட்டில் பூனைகூடக் கிடையாது. ஆனாலும் அந்த அம்மா வேறு யாரையும் பார்க்காமல் நேராக என்னிடம் வந்து சொன்னார். மற்றவர்களும் அதில் யோசிக்க ஏதும் இருப்பதாக நினைக்கவில்லை. அவரைக் குறை சொல்லவில்லை, அந்த அவசரத்தில் நானும் அப்படித்தான் செய்திருப்பேன். ஆனால் கதையின் சூட்சுமம் புரிந்துவிட்டது. பிள்ளைகளை வாங்கிக்கொண்டு விழிப்பது ஆண்கள் என்பதால்தான் அது எபிசோட். கதவைத் திறந்தது ஒரு பெண் என்றால் கதையே இல்லை. பிள்ளைகள் வருவார்கள், சாப்பிடுவார்கள், தூங்குவார்கள். அவளுக்கு டயபர் மாற்றத் தெரியாது என்றால்கூட ஜனங்கள் சிரிக்கமாட்டார்கள், திட்டுவார்கள்.

இதற்கெல்லாம் சட்டம் இல்லாமலில்லை. கலிபோர்னியாவில் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை படப்பிடிப்புத் தளத்தில் இரண்டு மணி நேரம்தான் இருக்கலாம், அதிலும் கேமரா முன் 20 நிமிடம்தான். நர்ஸும் ஸ்டுடியோ ஆசிரியரும் பக்கத்தில் இருக்க வேண்டும். 'ஃபுல் ஹவுஸ்' கடைக்குட்டியாக இரட்டையர் இருவரை மாற்றி மாற்றி நடிக்க வைத்ததற்கு இந்த நேரக் கணக்குதான் காரணம். 'தி கிட்' படத்தின் குட்டிப் பையன் ஜாக்கி கூகன் வளர்ந்து பார்த்தபோது, சம்பாதித்ததையெல்லாம் அம்மாவும் மாற்றாந்தந்தையும் செலவழித்திருந்தார்கள். வழக்குப் போட்டார். 1939-ல் அவர் பெயராலேயே சட்டம் வந்தது. இன்று அங்கே குழந்தை நடிகரின் சம்பளத்தில் 15 சதவீதம் தனிக் கணக்குக்குப் போகிறது. (அதே கூகன்தான் பின்னாளில் 'ஆடம்ஸ் ஃபேமிலி' சிட்காமில் மொட்டைத்தலை மாமாவாக வந்தவர்.) நம் ஊரிலும் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தத்துக்குப் பிறகு விதிகள் இருக்கின்றன: நாளுக்கு 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வில்லாமல் 3 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, வருமானத்தில் 20 சதவீதம் குழந்தையின் பெயரில் வைப்புத்தொகை, அதிகபட்சம் ஐந்து குழந்தைகளுக்கு ஒரு பொறுப்பாளர். அந்தப் பொறுப்பாளர் யாரென்று அன்றைக்கு நான் கேட்டிருந்தால் எல்லோரும் என்னைத்தான் கை காட்டியிருப்பார்கள். எந்தக் காகிதத்திலும் என் பெயர் இல்லை.

சிறுமி பிரமாதமாகப் பேசினாள், அதைச் சொல்லியாக வேண்டும். அவளுக்கு இன்னும் சரளமாகப் படிக்க வராது. டைரக்டர் சார் ஒவ்வொரு வரியாகச் சொல்லச் சொல்ல, கேட்டு அப்படியே திருப்பிச் சொல்வாள். டப்பிங்கில் ஒவ்வொருவரையும் தனித்தனியாகத்தான் எடுப்போம், அதுவும் அவரவர் பேசும் இடங்களை மட்டும். ஆகவே முழுக்கதை அவளுக்குத் தெரியாது. அவளுடைய கடைசி வசனம், "அம்மா எப்போ வருவாங்க?" ஹெட்போனைக் கழற்றியதும் என்னிடம் வந்து, "அந்தப் பாப்பாவோட அம்மா வந்துட்டாங்களா?" என்று கேட்டாள். இன்ஜினியரைக் கெஞ்சிக் கடைசிக் காட்சியை ஓட்டச்சொன்னேன். கதவு திறக்கிறது, அம்மா நிற்கிறாள், இசை உயர்கிறது, ஜனங்கள் நெகிழ்ந்துபோய் 'ஆ' என்கிறார்கள். அவள் கடைசிவரை பார்த்துவிட்டுச் சொன்னாள்: "லேட்டா வந்துட்டு சாரியே சொல்லல."

டைரக்டர் சார் சிரித்தார். எழுத்தாளர் கொஞ்சம் யோசித்தார். அம்மா உள்ளே வரும்போது முகம் தெரியாத ஓர் இடம் இருந்தது, அதில் "சாரிடா கண்ணுங்களா" என்று ஒரு வரி சேர்த்துவிட்டார். அந்த ஒட்டுமொத்த எபிசோடில் எனக்குப் பிடித்த வசனம் அதுதான்.

அவளுடைய அம்மா நாலரை மணிக்கு வேர்த்து விறுவிறுத்து வந்தார். மாமியாருக்கு ஒன்றுமில்லை, வாயுவாம். பையனை அவன் அப்பா ஏழு மணிக்குத்தான் கூட்டிப்போனார். அதுவரை ரிசப்ஷனில் அவனோடு உட்கார்ந்து நான் வவுச்சர் எழுதிக்கொண்டிருந்தேன்.

அதற்கடுத்த வேலையிலிருந்து, குழந்தை ஆர்ட்டிஸ்ட் வருகிற நாளுக்குத் தனியாக ஓர் ஆள் போட்டுச் சம்பளமும் கொடுக்க வேண்டும் என்று விடாமல் கேட்டு வாங்கினேன். கணக்குப் பார்ப்பவர் எந்தத் தலைப்பில் எழுதுவதென்று என்னிடமே கேட்டார். இன்ஜினியர் இருக்கிறது, ஸ்டுடியோ வாடகை இருக்கிறது, குரல் இருக்கிறது, இதற்கு இடமில்லை என்றார். "புதுசா ஒண்ணு போடுங்க சார்" என்றேன். சரி என்று தலையாட்டினார். மாதக் கடைசியில் பார்த்தால் டீ, காபி செலவில் சேர்த்திருந்தார்.